பஸ் ஸ்டாப் பெயர் வைத்த டேபிள்கள்

"...பேகம்பூர்ல தேடுனேன், செம்பட்டியில தேடுனேன், வத்தலக்குண்டு வரைக்கும் போயிப் பாத்துட்டேன், அந்தாளக் காணோம். நான் லேப் டெக்னீஷியனா, இல்ல பஸ் கண்டக்டரா, நீயே சொல்லு கலா!" என்று ரோஸி அக்கா காலையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே டேட்டாபேஸ் எழுதியவர் எனக்கு முன்னால் இருந்தவர். தினமும் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோனவர். நோயாளி பதிவு, சாம்பிள், ரிசல்ட் என்று வேலை ஒன்றன்பின் ஒன்றாகப் போவதால், டேபிள்களுக்கு, அதாவது விவரப் பட்டியல்களுக்கு, தான் வீடு திரும்பும் வழியிலுள்ள ஊர்ப் பெயர்களையே வரிசையாக வைத்துவிட்டார். பதிவு என்றால் பேகம்பூர், சாம்பிள் செம்பட்டி, ரிசல்ட் வத்தலக்குண்டு. உள்ளே ஒவ்வொரு விவரமும் நிற்கும் கட்டங்களுக்கு, அதாவது ஃபீல்டுகளுக்கு, எஃப்-ஒன், எஃப்-டூ. அவர் துபாய் போனதும் நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மனப்பாடம் செய்துகொண்டேன்.

எனக்கு அப்போது ஏழு மாதம்; முந்தின நாள் ஸ்கேன் எடுக்க விடுப்பு போட்டிருந்தேன். அன்று ரத்தம் எடுத்த ஒரு ட்யூப்பில் நம்பர் மட்டும் இருந்தது. அது யாருடையது என்று எந்த டேபிளில், எந்த ஃபீல்டில் தேடுவது?

"ரிசல்ட் கேட்டு வந்த எரியோட்டுப் பெரியவருக்கு ரெண்டாந்தடவ ஊசி குத்த வேண்டியதாப் போச்சு. 'ஏத்தா, காலையில எடுத்த ரத்தத்த வித்துப்புட்டீகளா'ங்கிறாரு! நீ பிரசவத்துக்கு ஒட்டன்சத்திரம் போயிட்டா என்ன பண்றது? லேபர் வார்டுக்குப் போன் போடவா?"

சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஊருக்குப் போகும் முன் இதை மாற்றியே தீர்வது என்று நேரே மருத்துவமனையை நடத்தும் டாக்டரிடம் போனேன்.

"ஓடிக்கிட்டு இருக்கிறத ஏம்மா நோண்டுறீங்க? நின்னுபோச்சுன்னா?"

"நின்னா நான் பொறுப்பு சார். இப்படியே விட்டுட்டுப் போனா அடுத்த ஊசிக்கு யார் பொறுப்பு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை ஓ.பி. கெடையாது. அன்னைக்குள்ள முடிச்சிரணும்."

ஞாயிறன்று ரோஸி அக்கா சர்ச்சிலிருந்து நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பெயர் சொல்வேன், அவர் கேள்வி கேட்டு மடக்குவார்.

"தேதி" என்றேன்.

"எந்தத் தேதி? ரத்தம் எடுத்ததா, ரிசல்ட் குடுத்ததா?"

சாம்பிள் தேதி, ரிசல்ட் தேதி என்று இரண்டானது.

"நம்பர்."

"ஆளு நம்பரா, ட்யூப் நம்பரா?"

அதுவும் இரண்டானது. புத்தகத்தில் படித்த பெருமையில் ஒரு டேபிளுக்கு 'ஸ்பெசிமன்' என்றேன். "இங்க அப்படி ஒருத்தரும் சொல்ல மாட்டாக. நாளைக்கு இந்த நாற்காலியில உக்காரப் போறது நானு. சாம்பிள்னே போடு" என்றார். போட்டேன். ஒரு டேபிளில் ட்யூப் நம்பர் என்றால் எல்லா டேபிளிலும் ட்யூப் நம்பர்தான் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ரிப்போர்ட் அடித்துத் தரும் பழைய புரோகிராம்கள் பழைய பெயரைத்தானே கேட்கும்? அவற்றுக்காக ஒவ்வொரு ஊர்ப் பெயரிலும் ஒரு வியூ, அதாவது ஒரு நிழல் டேபிள், வைத்தேன். புரோகிராம் பேகம்பூர் என்று கேட்டால், வியூ வழியாக, பேஷன்ட் என்று புதுப் பெயர் வைத்த டேபிள் பதில் சொல்லும். திங்கள்கிழமை ஓ.பி. எப்போதும்போல நடந்தது. டாக்டர் திட்டவில்லை. அவரிடமிருந்து அதுவே பாராட்டு.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்குப் புரியும் பெயர் போதாது. நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் அந்த நாற்காலியில் உட்காருபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் வையுங்கள்.

குழந்தை பிறந்த சில நாளில் ஒட்டன்சத்திரத்து வீட்டில் போன் அடித்தது. "கண்ணு, உங்க ஆசுபத்திரியிலிருந்துங்கறாங்க" என்று அம்மா சொன்னதும் ரிசீவரைப் பிடுங்கி, "என்னாச்சு?" என்றேன்.

"பதறாத கலா. இன்னைக்கும் ஒரு ட்யூப்பு ஆளு தெரியாம நின்னுச்சு. நானே தேடி எடுத்துட்டேன். யாரையும் மறுபடி குத்தல. அது கெடக்கட்டும், புள்ளைக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கலக்கா."

"செம்பட்டின்னு மட்டும் வச்சிராத தாயி" என்ற ரோஸி அக்கா, ரிசீவரைக் கீழே வைக்காமலேயே அடுத்த நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.