அவர் கள்ளன் இல்லை, சம்சாரி

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில் நான் விறகை ஒளித்துக்கொண்டு வருவேன். சுள்ளிகளைக் கம்பளிக்குள் இடுக்கிக்கொண்டு, காவல்காரன் நிற்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைவேன். அடுத்த அறைக்காரர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கமாட்டாரா? இங்கே விறகுக்குக் காவல் இல்லை. மலையையே வெட்டிச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்களை அறுத்துத் தள்ளி, வெயிலில் காயவிட்டு, மொத்தமாகக் கொளுத்துகிறார்கள். சாம்பல் ஆறியதும் அங்கே தேயிலைக் கன்று ஊன்ற வேண்டும். எத்தனை மலையை எரித்தாரோ அத்தனை பெரிய துரை என்று பெயர்.

போன மாதம் ஒரு சரிவு எரிந்து முடிந்தது. துரை குதிரைமேல் இருந்தபடியே அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். நான் இப்போது கணக்கப்பிள்ளை. ஆட்களின் பேர் போடுகிறவன். ஆகையால் என்னிடம் தமக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

“உன் ஊர், மலை இருக்கு?”

“இருக்கு துரை. அங்க ஒரு மரத்த வெட்டுனதுக்கு எங்க அத்தான ஜெயில்ல போட்டாங்க.”

“யார் மரம்?”

“சர்க்கார் மரம்னாங்க.”

“அப்போ கள்ளன்.”

“இல்ல துரை, அவரு சம்சாரி.”

துரை கொஞ்சம் யோசித்தார். “சம்சாரம் வரலாம். பொம்பளைக்குக் கொழுந்து வேலை இருக்கு. கள்ளன் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். நான் அத்தானுக்கு வேலை கேட்பதாக நினைத்துக்கொண்டார். செத்து வருஷம் ஒன்று ஆன மனிதருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். என் பின்னால் அந்த மலை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வாயில் வராத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். துரை படிக்கமாட்டார். ஊரிலும் இங்கேயும் உள்ள நீங்களாவது படியுங்கள்.

எங்கள் பக்கத்தில் சம்சாரி என்றால் வெள்ளாமை செய்கிறவன். குடும்பஸ்தன் என்றும் பொருள். என் அக்கா பொன்னம்மாளின் வீட்டுக்காரர் முத்தையா இரண்டுமாக இருந்தார். வன்னியம்பட்டியில் அவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. விடியுமுன்னே கமலை பூட்டித் தண்ணீர் இறைக்கத் தொடங்குவார். பாத்தி நனைந்ததும் மாட்டை அவிழ்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, மூன்று பெண்பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து எண்ணெய் தடவித் தலை சீவிவிடுவார். ஊரில் கேலி பேசுவார்கள். “பொட்டப்பிள்ளைக்குச் சடை பின்னுற ஆம்பளைய இங்கதான்டே பாக்கோம்” என்பார்கள். “மாட்டுக்கு வாரிவிடுதேன், எம் பிள்ளைக்கு வாரிவிடப்பிடாதா?” என்று கேட்டுவிட்டுப் பின்னலை முடிப்பார். அக்காவுக்குக் காய்ச்சல் கண்டால் உலை வைப்பதும் அவர்தான். தாய் தகப்பன் இல்லாத என்னையும் வீட்டில் வைத்துக்கொண்டு, ஒருநாள்கூடச் சோற்றைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

மேற்கு மலை எங்களுக்கு அந்நியம் இல்லை. வயலுக்குத் தழையும் கலப்பைக்கு மரமும் அங்கிருந்துதான் வரும். அப்படியிருக்க, ஒரு வருஷம் அடிவாரத்தில் கல் நட்டார்கள். கல்லுக்கு அந்தப்பக்கம் ரிசர்வு காடு, காலடி வைக்கக்கூடாது என்றார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை. அந்த ஐப்பசியில் முதல் மழை பெய்து நிலம் பதமாக இருந்தபோது அத்தானின் ஏர்க்கால் ஒடிந்தது. வண்டியைப் பூட்டிக்கொண்டு நானும் அவரும் மலைக்குப் போனோம். ஏர்க்காலுக்கு ஆகும் ஒரே ஒரு மரத்தை வெட்டி வண்டியில் ஏற்றியபோது காட்டுச் சேவகன் வந்து மறித்தான்.

“யாரக் கேட்டு வெட்டுன?”

“யாரக் கேக்கணும்? எங்கய்யா காலத்துலருந்து இங்கதான வெட்டுதோம்.”

“உங்கய்யா காலம் போச்சுடே. கல்லு நட்டிருக்கு, பாக்கலயா?”

“பாத்தேன். மழை பேஞ்சிருக்கு, ஏரு ஒடிஞ்சு கெடக்கு. வெதச்சுட்டு வாரேன், பொறவு எங்க கூப்பிட்டாலும் வாரேன்.”

விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய் ஓர் அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள். வெட்டினாயா என்று கேட்டார்கள். “வெட்டுனது நாந்தான் சாமி. உழவுக்குத்தான வெட்டுனேன், இதுல என்ன குத்தம்?” என்றார் அத்தான். முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அவருக்கு ஜெயில், வண்டியும் மாடும் ஏலம். மழை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் நிலத்தில் புல்தான் முளைத்தது.

ஜெயிலில் தலையை மழித்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் துண்டைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. கடைக்குட்டி சீப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனையோ கஷ்டத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன், அப்படிக் கூசிப்போய்ப் பார்த்ததில்லை. மாடில்லாத சம்சாரி என்ன செய்வார்? இராஜபாளையத்தில் ஒருவர் தோட்டத்தில் கிணறு வெட்டும் கூலிக்குப் போனார். பகலெல்லாம் பாறை உடைத்துவிட்டு, அங்கேயே தங்கச் சொன்னாலும் கேளாமல், பொழுதுசாய வீட்டுக்கு நடந்துவிடுவார்.

இலங்கைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்தபோது முதலில் அவரைத்தான் கூப்பிட்டான். “காலைல கண்ணு முழிச்சா இதுக மூஞ்சி தெரியணும். அது தெரியாத ஊருல எனக்கு என்ன சோலி?” என்றார். அந்த வீட்டில் ஒரு வயிறாவது குறையட்டும் என்று நான் கிளம்பினேன். சாத்தூர் ரயிலடி வரை கூடவே நடந்து வந்தார். வண்டி நகரும்போது, “உடம்பப் பாத்துக்கோ மாப்ள. ஏலலன்னா திரும்பி வந்துரு, கஞ்சியப் பங்கு வச்சுக்குவோம்” என்றார்.

போன வருஷக் கோடையில், இராஜபாளையத்திலிருந்து நடந்து வந்தவர் அக்காவிடம், “செத்த நேரம் படுத்துட்டு எந்திரிக்கேன்” என்று சொல்லிப் படுத்தாராம். எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து புதிதாக வந்த ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் கருமாதியே முடிந்து நாளாகியிருந்தது. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் போட வேண்டும். அக்காவுக்கு நான் ஒருத்தன்தான். என் இடத்தில் யாரோ ஒரு பங்காளி நின்று போட்டானாம்.

எதையும் யோசிக்காமல் அட்டன் கடைவீதிக்குப் போய் ஒரு வெள்ளைச் சேலை வாங்கி வந்தேன். ஊருக்குப் போகும்போது அக்காவிடம் கொடுக்கலாம் என்றேன். இங்கே வந்தபிறகு நான் கட்டிக்கொண்ட மனைவி, “காலந்தப்புன கோடியக் கொண்டுபோகக் கூடாது, இன்னொரு சாவு கேக்கும்” என்றாள். “அப்ப நீ கட்டிக்கோ” என்று சொல்லக்கூடிய சேலையும் இல்லை அது.

அது என் தகரப்பெட்டியில் இருக்கிறது. இந்த மலையில் ஓயாத ஈரம். பூஞ்சை பிடித்துவிடாமல், வெயில் அடிக்கும் நாளில் நானே எடுத்துப்போய்த் தேயிலைச் செடிகளின்மேல் விரித்துப்போடுகிறேன். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மடித்து மறுபடியும் பெட்டிக்குள் வைக்கிறேன்.