முடி மூடிய காது

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுமுன் சுவர்ணா கொண்டையை அவிழ்ப்பாள். முடியை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, அப்பாவின் வான் வண்டிக் கண்ணாடியில் குனிந்து பார்ப்பாள். காது தெரியக்கூடாது. தெரிந்தால் மானம் போச்சு.

அவை பயிற்சி மெத்தையில் உரசி உரசி வீங்கி, ஆறி, மறுபடி வீங்கிக் கடைசியில் அப்படியே இறுகிப்போன காதுகள். இடது காது பொரித்த வடகம்போலச் சுருண்டிருக்கும். பயிற்சிக்குத் தோடு ஆகாது என்பதால் குத்திய துளைகளும் தூர்ந்துவிட்டன. லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் மூலைக்கடை வைத்திருக்கும் சற்குணத்தாரின் ஒரே மகள் பிரித்தானியாவுக்காக ஃபிரீஸ்டைல் மல்யுத்தம் செய்கிறவள் என்பது கோயிலில் ஈ காக்கைக்கும் தெரியாது.

தொடங்கியது ஜெர்மனியில். சற்குணம் அங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய காலம். பள்ளி விட்டு வரும் பிள்ளையை விட இடமில்லாமல், பக்கத்தில் மல்யுத்தம் பழக்கிய விளையாட்டு மண்டபத்தில் விட்டார். அவளோ போன முதல் கிழமையே தன்னைவிடப் பெரிய பையன் ஒருவனைத் தூக்கிப் போட்டுவிட்டு, அழுகிற அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு குடும்பம் லண்டனுக்கு வந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், பக்கத்துப் பெண்ணிடம் சுவர்ணா இதைப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். "ஆம்பிளையளோடை கட்டிப் பிரளுறவள்" என்று வகுப்பே சிரித்தது. அன்று பின்னேரம் கடைக்குள் வந்து, "அப்பா, இனி ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று விம்மினாள்.

"ஓம் குஞ்சு" என்றார் சற்குணம். அந்த வார்த்தையை அவர் காத்தமாதிரி வேறு எவரும் காத்திருக்கமாட்டார்கள்.

சோபியாவிலும் வார்சாவிலும் நெஞ்சை நிமிர்த்தி மெத்தைக்கு வருகிறவள், மிச்சம் தெருவில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் பயிற்சிப் பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைப்பாள். படம் எடுக்க வருகிறவர்களிடம் கெஞ்சித் தன் படத்தை அழிக்கச் செய்வாள். உடம்போடு ஒட்டிய அந்த உடையில் தன்னைச் சொந்தக்காரர் யாரும் பார்த்துவிட்டால் செத்தேபோவேன் என்பாள். எதிராளியின் காலை வாருவதற்கு வராத கூச்சம், அத்தைமாரை நினைத்தால் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும்.

லண்டனுக்குள் போட்டி என்றால் வான் வண்டியில் கூட்டிப்போவது அப்பாதான். ஆனால் உள்ளே வரமாட்டார். மகள் விழுவதைப் பார்க்க ஏலாதாம். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நிற்பார். அவள் வந்ததும் ஒரே கேள்விதான். "நீ மேலையோ, கீழையோ?" போலந்தில் அவள் வாங்கிய வெண்கலப் பதக்கம் கடையில், பற்றரிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஆள் இல்லாத நேரம் எடுத்துத் துடைப்பார்.

அம்மா கலாவதியின் பங்கு, பொய். கண் கண்டி நீலம் பாய்ந்தால் கராஜ் கதவு அடித்தது. உதடு வெடித்தால் படியில் வழுக்கியது. எடை குறைக்கப் பட்டினி கிடந்து கன்னம் ஒட்டினால், "பிள்ளைக்கு மனசு சரியில்லை." நல்ல சம்பந்தம் வரவேண்டிய வயதல்லவா? சுவர்ணாவும் தலையாட்டினாள். பொய் எந்தப் பக்கம் உருண்டுபோகும் என்று இருவரும் யோசிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழு, இலையுதிர்காலம். அம்மாவின் தம்பி மகள் பெரியபிள்ளையாகி, குட்மேய்ஸ் மண்டபமொன்றில் சாமத்தியச் சடங்கு. அடுத்த கிழமை சுவர்ணாவுக்குச் சுவீடனில் போட்டி. பட்டுச்சேலை, விரித்த முடி, பவுடருக்கு அடங்காத கண் கண்டல். சோற்றைத் தொடாமல் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தவளை, கடைக்கு அடுத்த வீட்டுக் கமலாம்பிகை கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்துப்போனார்.

"இதென்ன பிள்ளை கண்ணிலை?"

"படியிலை வழுக்கிப்போட்டுது அன்ரி."

"ஒரு படி எத்தினை தரமடி வழுக்கும்?" கமலாம்பிகையின் குரல் உடைந்தது. "எங்களுக்கு எல்லாம் தெரியும். கொப்பருக்குப் பயந்துகொண்டு இராதை. எங்கட வீட்டிலை ஒரு அறை சும்மாதான் கிடக்கு. எந்த நேரமும் வா."

சுவர்ணாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ அன்ரி, அப்பா கடிக்கிற நுளம்பைக்கூட அடிக்கமாட்டார்!"

"அடி வாங்கிற பிள்ளையள் எல்லாம் இப்பிடித்தான் சொல்லுதுகள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார் அந்த நல்ல மனுசி.

பின்னால் ஓடி உண்மையைச் சொல்ல இரண்டு அடி வைத்தாள். நின்றுவிட்டாள். தமிழ் வகுப்பின் சிரிப்பு இன்னும் காதில் கேட்டது. சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே வெறுத்தாள்.

மண்டபத்துக்குள் திரும்பினாள். எல்லா மேசையும் நிறைந்திருக்க, சற்குணம் ஒரு மேசையில் தனியே இருந்தார். அவரோடு வாராவாரம் சீட்டு விளையாடுகிற புவனேந்திரன், கோப்பையோடு வந்தவர், அவரைக் கண்டும் காணாததுபோல வேறு மேசைக்குப் போனார். சற்குணம் அப்பளத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் போய்ப் பக்கத்தில் இருந்தாள். "அப்பா, சனம் என்ன கதைக்குதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"கொஞ்சக் காலமாத் தெரியும்."

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நீதானே குஞ்சு சொல்லவேண்டாமெண்டு சொன்னனி." குற்றம் சாட்டவில்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

வெட்கம் அவளை உச்சி முதல் உள்ளங்கால்வரை எரித்தது. இத்தனை காலம் எந்தக் காதுக்காக வெட்கப்பட்டாளோ, அது இந்த வெட்கத்துக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. எழுந்து நின்றாள்.

"கமலாம்பிகை அன்ரி!" மேளக்காரரே திரும்பிப் பார்க்கும் குரல். "இஞ்சை வாங்கோ. புவனேந்திரன் மாமா, நீங்களும் வாங்கோ. நான் குஸ்தி பிடிக்கிறனான். இந்தக் காயமெல்லாம் அதிலை வந்தது."

மணிக்கட்டில் கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்து, முடியை அள்ளி உச்சியில் இறுக்கிக் கட்டினாள். வீடியோக்காரரின் வெளிச்சத்தில் இரண்டு காதும் பளிச்சென்று தெரிந்தன.

சற்குணம் பதறி எழுந்தார். கொடுத்த வார்த்தையைக் காத்த பழக்கதோஷம், அவர் கை தானாக நீண்டு, மகளின் கொண்டையை அவிழ்த்துக் காதை மூடப் போனது. சுவர்ணா அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள், மெத்தையில் பிடிக்கிற அதே பிடி. அவர் இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை.