பவுன் திருப்பிவிட்ட பத்துக் கதைகள்

புனேயின் கோர்படியில் ரயில்வே காலனிக்குப் பின்னால் குடியிருக்கும் பவுனுக்கு இருபத்தெட்டு வருடமாக ஒரே வேலை: வேண்டாம் என்று சொல்வது. ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். கடைசலிலிருந்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் அளவு பார்க்கும் கேஜில் வைத்துப் பார்ப்பாள். தேறவில்லை என்றால் காரணத்தை ஒரு சீட்டில் எழுதி அதன் கழுத்திலேயே கட்டி அனுப்பிவிடுவாள். ஃபோர்மேன் கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி, சீட்டை அவிழ்த்தது கிடையாது.

இப்படிப்பட்டவளைக் கதைத் தொகுப்புக்கு ஆசிரியராகப் போட்டார், தமிழ் மன்றத்தின் தலைவர் கோவிந்தராஜன்.

மன்றத்துக்கு வெள்ளி விழா ஆண்டு. வங்கியில் மண்டல மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற கோவிந்தராஜன், ஒரே கற்பனையைப் பலருக்கும் கொடுத்து ஆளுக்கொரு கதை எழுதவைத்துப் புத்தகம் போடுவதுதான் இப்போதைய பழக்கம் என்று எங்கோ கேட்டு வந்திருந்தார். கற்பனையையும் அவரே கொடுத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புனேயில் நிழல் காணாமல் போகிறது. ஏன் போயிற்று என்று யாரும் விளக்கக் கூடாது. போன பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் கதை. எல்லோரும் கைதட்டினார்கள்.

வரப்போகும் கதைகளைப் படிக்க ஆள் தேடியபோதுதான் சிக்கல் தெரிந்தது. மூத்தவர்களுக்குக் கண்ணில் புரை. இளையவர்களுக்குத் தமிழ் பேசவே நாக்கு இடறும், படிப்பது எங்கே? மன்றத்து அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துப் போய், படித்து, திருப்பியும் தந்த ஒரே உறுப்பினர் பவுன்தான்.

பதினோரு கதைகள் வாட்ஸ்அப்பில் வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தீபாவின் லேப்டாப்பை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துப் படித்தாள். ஸ்வாமிநாதன் அனுப்பியது, சிங்கப்பூரில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கிய பழைய பயணக் கட்டுரை. பதினான்காம் பக்கத்தில் 'அன்று நிழல் இல்லாததால் வெயில் சற்று அதிகம்' என்ற ஒரு வரி மட்டும் புதிது. லீலா டீச்சர் நிழலென்றால் மரத்து நிழல் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் கதையில் ஊரே மயங்கி விழுந்தது, ஆனால் விழுந்த ஒவ்வொருவருக்குப் பக்கத்திலும் அவரவர் நிழல் ஒழுங்காகக் கிடந்தது. மூன்று பேர் நிழலென்றால் ஆதரவு என்று புரிந்துகொண்டு, தலைவரின் நிழலில் மன்றம் வளர்ந்த வரலாற்றை எழுதியிருந்தார்கள். ஐடியில் இருக்கும் ஷ்ரேயஸ் கம்ப்யூட்டரிடம் சொல்லி எழுதவைத்திருந்தான். அதில் பத்திக்கு ஒருவர் ஜன்னல் வழியே தொலைவைப் பார்த்தார்.

தலைவரின் கதையில், நிழலற்ற மக்கள் கலங்கி நிற்கும்போது ஓய்வுபெற்ற மண்டல மேலாளர் ஒருவர் மைக்கைப் பிடிக்கிறார். ஒன்பது பக்கம் பேசுகிறார். முடித்ததும் நிழல் திரும்பி வருகிறது.

நிழல் என்றால் எது என்று தீர்மானிக்கக் கேம்ப் பகுதியில் ஒரு கூட்டம் போட்டார்கள். இரண்டு மணி நேரம் விவாதித்துக் கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். மரத்துக்கு ஐந்து, மனிதனுக்கு ஐந்து. தலைவர், தம் கதையில் இரண்டுமே வருவதால் நடுநிலை வகித்தார்.

பவுன் தனக்குத் தெரிந்த வழியில் போனாள். கதையிலிருந்து நிழலை எடுத்துப் பார்ப்பாள். எடுத்த பிறகும் கதை ஆடாமல் நின்றால், வேண்டாம். ஒவ்வொரு கதைக்கும் கீழேயே காரணத்தைத் தட்டினாள். 'திருப்பலாம். நிழலை எடுத்தாலும் சிங்கப்பூர் அங்கேயேதான் இருக்கிறது.' ஷ்ரேயஸுக்கு: 'எழுதியது யாரென்று படிப்பவருக்குத் தெரியவில்லை. அனுப்பியவரும் படித்ததாகத் தெரியவில்லை.' தலைவருக்கு: 'பேச்சு முடிந்ததால் நிழல் வந்தது. முன்பே முடித்திருந்தால் முன்பே வந்திருக்கும்.'

ஒன்றே ஒன்று தேறியது. கோந்த்வாவில் தையல் கடை வைத்திருக்கும் நஸ்ரின் எழுதியது, மூன்றே பக்கம். புருஷன் வருவதைக் கதவிடுக்கில் விழும் நிழலைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அவன் தட்டுவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கும் ஒரு பெண். அந்தச் செவ்வாய்க்கிழமை, நிழல் முன்னால் வந்து சொல்லாமலே அவன் உள்ளே வந்துவிடுகிறான். பவுன் அதைப் படித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள். 'தேறியது. நிழலை எடுத்தால் கதையே இல்லை' என்று தட்டினாள்.

பத்துக் கதை தேறவில்லை என்றதும் தலைவர் அவளைத் தனியே அழைத்துப் பேசினார்.

"பவுன்ம்மா, எல்லாம் நம்ம ஆளுங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"நிழல் போனா என்ன ஆவும்னு எழுதச் சொன்னது நீங்கதான் சார். இங்க பத்து பேருக்கு ஒண்ணுமே ஆவல."

"என்னோடதும் அதுல சேர்த்தியா?"

"ஆமா சார்."

அடுத்த வாரம், பவுனின் வேலைப்பளுவைக் கருதி அந்தப் பொறுப்பைத் தலைவரே ஏற்பதாகத் தீர்மானம் வந்தது. கோப்பைக் கேட்டார்கள், அனுப்பினாள். குறிப்புகளைப் படித்தாவது நாலு பேர் திருத்திக்கொள்வார்கள் என்று உள்ளூர ஓர் ஆசை. தலைவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அச்சகத்துக்குத் தள்ளிவிட்டார். அச்சகக்காரர் சலீமுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வந்ததை ஒரு புள்ளி பிசகாமல் அச்சடித்தார்.

வெளியீட்டு விழாவில் பவுன் கடைசி வரிசையில் நஸ்ரினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். சிங்கப்பூருக்குக் கீழே அவள் குறிப்பு. அவசரமாகப் புரட்டினாள். ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் இருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் ஆறு பேர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஃபோட்டோவுக்கு நின்றார்கள். ஒருவரும் பிரிக்கவில்லை. ஸ்வாமிநாதன் தம் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினார். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. நஸ்ரின் மட்டும் தன் கதைக்குக் கீழே இருந்ததைப் படித்தாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்துவைத்துக்கொண்டாள்.

நாலு மாதம் ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தைப் பாராட்டி எட்டுப் பேர் பேசினார்கள், அத்தனை பேரும் படிக்காமலே. பிறகு மதுரையிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகையில் மதிப்புரை வந்தது. கதைகளில் ஒன்றுதான் கதை. ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் முகம் காட்டாமல் வரும் அந்தப் பரிசோதகர் அபூர்வமான பாத்திரம், அவரைப் படைத்த தொகுப்பாசிரியருக்கு வணக்கம் என்று எழுதியிருந்தார்கள்.

தலைவர் அன்றுதான் புத்தகத்தைப் பிரித்தார். இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் மதிப்புரையை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இந்தப் புதுமை தம் நெடுநாள் திட்டம் என்று அறிவித்தார். லீலா டீச்சர் மட்டும் பவுனுக்கு ஃபோன் செய்து, மரத்து நிழல் போனால் மனுஷ நிழல் எப்படித் தங்கும் என்று குறிப்பில் நீ கேட்டது நியாயந்தான் என்று சொல்லி, கதையைத் திரும்ப எழுதப்போவதாகவும் சொன்னார். பவுனுக்கு அது போதுமாக இருந்தது.

இந்த ஆண்டு இரண்டாம் தொகுப்பு. பவுனை மறுபடியும் தொகுப்புக் குழுவில் சேர்த்தார்கள், குறிப்பு எழுத. புதுக் கற்பனையைத் தலைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: ஒரு நாள் காலை, புனேயில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

கூடம் சிலிர்த்து அடங்கிற்று. பவுன் நஸ்ரினைப் பார்த்தாள்.

"சார், இவங்க கோந்த்வாவுல அது வாராவாரம் நடக்குது, அதுக்குப் பேரு வியாழக்கிழமை" என்றாள்.

அந்த ஆட்சேபம் குறிப்பேட்டில் பதிவாயிற்று. கற்பனை ஒருமனதாக நிறைவேறியது.