பச்சைத் தூளும் பாகூர் வாத்துகளும்

விஷம் வேலை செய்வதைப் பார்ப்பதற்கென்றே ஒருவன் வண்டி கட்டிப் போவானா? நான் போனேன். வில்லியனூரில் எனக்குப் புண்ணாக்கு மண்டி. கப்பலில் வந்திறங்கும் பச்சைத் தூள் ஒன்றுக்கு ஏஜென்சி எடுக்க யோசனை. பாஷாணத்தையும் செம்பையும் சேர்த்துச் சீமையில் செய்தது. புழு சாகும், பயிர் சாகாது என்கிறார்கள். கண்ணால் பார்க்காத சரக்கை நான் தொடுவதில்லை. பாகூரில் தெரிந்த ரெட்டியார் ஒருவர் சம்பா நாற்றங்காலில் தூவுவதாகச் சொன்னதும், புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை ஐந்துக்கு ஜட்கா. சுமார் பதினோரு மைல், ஒன்றேகால் ரூபாய். இரண்டும் பிரெஞ்சு ஊர்தான் என்றாலும் நடுவில் இங்கிலீஷ் எல்லை குறுக்கிடுகிறது; சாவடிக்காரர் என் சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து மோந்து பார்த்தார். பாகூர் சேர எட்டரை.

ரெட்டியார் முந்தின நாளே தூளைச் சாம்பலில் கலந்து, துணிப்பையில் கட்டித் தட்டியிருந்தார். அடடா! நாற்று நிமிர்ந்து நிற்கிறது. அடியில் படைப்புழு கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் வரப்பில் 'பக் பக்' என்று சத்தம். இந்தப் பக்கத்தில் நாற்றில் புழு விழுந்தால் வாத்துக்காரனைக் கூப்பிடுவது வழக்கம். அவனுக்கு மேய்ச்சல், வயலுக்கு எரு. ரெட்டியாரும் மணப்பட்டு முனியனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். தூள் கிடைத்த பிறகு வேண்டாமென்று சொல்ல மறந்துவிட்டார்.

"புழுவ எங்க ஒளிச்சி வெச்சிருக்கீங்க ரெட்டியாரே? எம் புள்ளைங்க பசியோட வருதுங்க!" என்றான் முனியன்.

"வாப்பா, செத்த புழுவா அள்ளித் தின்னட்டும்" என்று ரெட்டியாரும் சிரித்தார்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "நிறுத்துப்பா! விஷம் தின்ன புழு அது!"

"இன்னா மொதலாளி, நாத்து நல்லாத்தான நிக்குது?"

"ஆமணக்குப் புண்ணாக்குல கரும்பு நல்லாத்தான் வளருது. தின்னா செத்துடும்னு தெரிஞ்சும் உன் வூட்டு மாட்டுக்கு அத வெப்பியா?"

முனியன் முகம் செத்துவிட்டது. அவன் பிழைப்பே அந்த மந்தைதான். நான் குடையை விரித்து ஆட்டினேன்.

"கொடைய மடக்குங்க மொதலாளி! மிரண்டு உள்ள பூந்துடும்!" என்று அவன் மனைவி செல்லம்மா கத்தினாள். என் மேல்வேட்டியை உருவி, ஆளுக்கொரு முனை பிடித்து வரப்பில் தடுப்புக் கட்டினோம். அதையும் மீறி மூன்று வாத்து உள்ளே பாய்ந்து தின்றுவிட்டன. மற்றதெல்லாம் திரும்பின.

பக்கத்து நாற்றங்காலில் தூள் படவில்லை. அங்கே தண்ணீர் கட்டியதும் புழு மேலே மிதந்தது. வாத்துகள் இறங்கி உச்சிப் பொழுதுக்குள் துடைத்துவிட்டன. இது என்ன கண்கொள்ளாக் காட்சி!

விஷப்புழு தின்ற மூன்றையும் பிடித்துக் கூடையில் அடைத்திருந்தோம்; அவை கழுத்தைத் தொங்கப் போட்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் செத்தன. பண்ணையாள் ஒருவன் குழம்பு வைக்கக் கேட்டான்.

"புழுவத் தின்னு இது செத்துச்சி. இதத் தின்னுட்டு நீ எங்கடா போவ?" என்றாள் செல்லம்மா. நாய் தோண்டாதபடி முனியன் இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்தான். பிறகு மந்தையை எண்ணாமலே ஓட்டிக்கொண்டு போனான். எண்ணினால் மூன்று குறையும்.

பாகூர் போகிறவர்கள் நாலு மணிக்குள் திரும்பும் வண்டியைப் பிடித்துவிடுங்கள், இருட்டினால் கூலி இரட்டிப்பு. தூள் வாங்குகிறவர்கள் கையைக் கழுவுங்கள், பையைப் புதையுங்கள், வாத்துக்காரனுக்கு முதலில் சொல்லி அனுப்புங்கள். ஏஜென்சியை நான் எடுத்துவிட்டேன், அருமையான சரக்கு. ஆனால் கடைக்கு வருகிறவரிடம் ஒன்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையை அவிழ்ப்பேன்: "உம்ம வயல்ல யாரு யாரு மேய வர்றாங்க?" பதில் தெரியாதவருக்கு வேப்பம் புண்ணாக்குதான்.