டீ வராத திட்டு

எங்கள் பனியன் கம்பெனி முதலாளி என்னைத் திட்டுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. சரக்கைச் சோதிக்க, அதை வாங்கும் பையரின் ஆள் வந்து குறை கண்டுபிடித்தால், பேக்கிங்குக்குப் பொறுப்பான என்னை அந்த ஆள் எதிரிலேயே நிறுத்தி முதலாளி திட்டுவார். முதலில் "தண்டச் சம்பளம்". அடுத்து "சோத்தத்தான திங்கற?" கடைசியில் "கண்ணை ஊட்டுல கழட்டி வெச்சுட்டு வந்தியா?" வந்தவருக்கே என்மேல் இரக்கம் வந்து, "விடுங்க சார், சரிபண்ணி அனுப்புங்க" என்பார். அவர் கார் கிளம்பியதும் முதலாளி அறையில் எனக்கு டீ வரும். "மனசுல வெச்சுக்காதீங்க" என்பார் முதலாளி.

சென்ற மாதம் கழுத்துப்பட்டித் தையல் கோணல் என்று சரக்கு நின்றது. தலை குனிந்து நின்றேன். மூன்று திட்டும் வரிசையாக வந்தன. முடிந்தது என்று நிமிரும்போது இன்னொன்று வந்தது: "திங்கற எடத்துலயே குழி பறிக்கறவன்!"

பையரின் ஆள் சரி சொல்லிப் போனார். டீ வரவில்லை.

தையல் கோணலுக்கும் குழி பறிப்பதற்கும் என்ன சம்பந்தம்? அந்த வாரம் லீவு போட்டுப் பெருமாநல்லூர் போயிருந்தேன். அங்கே எங்களுக்குப் போட்டியான கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் வாசல் அருகில்தான் வண்டியை நிறுத்தினேன். யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கட்டிங் மாஸ்டரா? அவர் அன்று என் முகத்தையே பார்க்கவில்லை. வாட்ச்மேனா? காலையில் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார். இந்த வயதில் வேலை போனால் வேறு யார் தருவார்கள்?

மறுநாள் நேராக முதலாளி அறைக்குப் போனேன்.

"சொல்லுங்க" என்றார். நின்றபடியே ஆரம்பித்தேன்.

"பெருமாநல்லூருக்கு எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கப் போனனுங்க. அந்தக் கம்பெனிக்கு எதுத்த சந்துலதானுங்க அவங்க ஊடு."

"பையன் என்ன பண்றான்?"

"சாயப்பட்டறை லேப்ல இருக்கறானுங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அக்காளுங்க."

அக்கறையா, குறுக்கு விசாரணையா என்று தெரியாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். திடீரென்று மேஜையைத் தட்டினார்.

"யோவ், கூறு கெட்ட மனுசா! ஊட்டுல நல்ல காரியம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நீ அந்தக் கம்பெனிக்காரங்கிட்ட வேலைக்குப் போறேன்னு நெனச்சு, வேற ஆளு பாக்கச் சொல்லிட்டேனய்யா!"

இது புதிய திட்டு. திரும்பிக் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். பையரின் ஆள் யாரும் இல்லை.

"அப்ப அந்தப் புது ஆளுங்க...?"

"வேண்டாம்னு சொல்லிக்கறேன். போய்க் கழுத்துப்பட்டியப் பாரு. இரு, டீ குடிச்சுட்டுப் போ."

டீ வந்தது. நான் ஊதிக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் போனை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, பெருமாநல்லூர்ல சாயப்பட்டறை லேப் பையன் ஒருத்தன் இருக்கறானாமா, விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார்.

விசாரிப்பது மாப்பிள்ளையையா, என்னையா? மிச்ச டீயை மெதுவாகக் குடித்தேன்.