அக்கா எனக்காகப் படித்த அமெரிக்கா

எங்கள் அன்பு அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டாகிவிட்டது. இன்றைய திருப்பலிக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அமெரிக்காவில் வாழும் அவரது ஒரே தங்கையான நான் இதை எழுதுகிறேன்.

அக்கா மன்னார் பேசாலையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஒரு நாள் காலை விசாரணைக்கென்று அப்பாவை இராணுவத்தினர் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவேயில்லை. அதன்பின் எனக்குத் தாயும் தகப்பனும் அக்காதான். போர் எங்களையும் பிரித்தது. அக்கா கலியாணமாகிப் பாரிசுக்கு வந்தார். நான் அலைந்து திரிந்து நியூஜேர்சி சேர்ந்தேன். அத்தானின் மறைவுக்குப் பிறகு, அக்கா பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் புடவைக் கடையில் வேலை செய்து, புறநகரான பொண்டியில் இருந்த வீட்டில் மகளைத் தனியே வளர்த்து ஆளாக்கினார்.

பிறகு அவரது சிறுநீரகங்கள் பழுதாகின. இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்காமல் இருக்க முடியாதென்பதால் நீண்ட பயணம் கூடாதென்று மருத்துவர்கள் சொன்னார்கள். நான் வரலாமென்றால் என் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு பிரான்ஸ் விசா மறுத்தார்கள். திரும்பக் கேட்டும் மறுத்தார்கள்.

"நீ அங்கத்தைப் பிரசை ஆனால் விசா தேவையில்லையாம். பிரசாவுரிமைச் சோதனையை எடு" என்றார் அக்கா.

"அரசாங்கத்தைப் பற்றியெல்லாம் இங்கிலீசிலை கேட்பினம், அக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"இரண்டு பேருமாப் படிப்பம்."

இணையத்தில் அமெரிக்க அரசாங்கம் பற்றிய இலவசப் பாடங்களை அக்காவின் மகள், என் பெறாமகள், தேடிக் கொடுத்தாள். ஒரு கை இயந்திரத்தோடு பிணைந்திருக்க, மறு கையில் கைபேசியோடு அக்கா படித்தார். பிரெஞ்சுக்குப் பழகிய நாக்கு ஆங்கிலத்தில் தடுமாறியது. நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்டார். பாரிசில் பின்னேரம் ஆகும்போது நியூஜேர்சியில் நான் வேலைக்குப் போகும் பஸ்சில் இருப்பேன். உடனே அழைப்பு வரும்.

"செனற்றிலை எத்தனை பேர்?"

"நூறு."

"ஏன் நூறு? பாடமாக்காதை, விளங்கிச் சொல்லு."

"மாநிலத்துக்கு இரண்டு பேர், அக்கா."

ஒரு நாள் பாடத்தில், சட்டத்துக்கு மேற்பட்டவர் எவருமில்லை, ஆட்சியில் இருப்பவரும் அதற்கு அடங்க வேண்டும் என்று வந்தது. அக்கா பாடத்தை நிறுத்தினார்.

"அப்பாவைக் கொண்டுபோனவையை ஆரடி கேட்டது?" என்றார். அன்று அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை.

சோதனையில் சித்தியடைந்து வெளியே வந்த உடனேயே அழைத்தேன். "பாஸ், அக்கா!" அவர் கத்திய கத்தலில் தாதி பயந்து ஓடிவந்தாராம். "என்ரை தங்கச்சி வரப்போறாள்" என்று பிரெஞ்சில் அந்த வாட்டில் எல்லாருக்கும் சொன்னாராம்.

சத்தியப்பிரமாணம் மட்டும்தான் மிச்சம். அதற்குள் காய்ச்சல் வந்தது. கிருமி இரத்தத்தில் கலந்து, சில நாட்களில் அக்கா போய்விட்டார். அடக்கத்தை நான் கைபேசியில்தான் பார்த்தேன். அடுத்த கிழமை, கறுப்புச் சட்டையோடு வலது கையை உயர்த்தி நான் அந்த நாட்டுப் பிரசையானேன். இந்தத் திருப்பலிக்காக வந்தபோது பாரிஸ் விமான நிலையத்தில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முத்திரை குத்தி, போகச் சொன்னார்கள்.

அக்காவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும், கடை முதலாளிக்கும், பொண்டி அயலவர்க்கும், என் இடத்தில் நின்று அவர் பெட்டியைச் சுமந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் கண்ணீர் நிறைந்த நன்றி.

வந்த நாள் முதல் உங்களில் பலர், அக்காவை நினைத்து, "கொக்காவின்ரை குரல் அப்படியே உனக்கு" என்கிறீர்கள். எனக்கு அது கேட்கவில்லையே, அக்கா. நான் எங்கே போய்க் கேட்பேன்?

உங்கள் தங்கச்சி