வாளி தூக்கிய கை

செத்த வீட்டு வெடி

வெடிச்சத்தம் கேட்டதும் சைக்கிளை விட்டுவிட்டுத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் பாய்ந்தேன். முடிவெட்டுகிறவன் எங்கே விழுந்தாலும் வலது கையைத் தூக்கிக்கொண்டு விழ வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். எனக்கு அன்று இடது கைதான் மேலே இருந்தது. வெடித்தது செத்த வீட்டுச் சீனவெடி. முறிந்தது என் வலது முன்கை எலும்பு.

பிளாஸ்ரரோடு கடைக்குப் போனேன். துறைமுக வீதியில் இருந்தது எங்கள் சலூன். என் கதிரையின் முதுகில் சிவத்தின் சிவப்புத் துவாய் தொங்கியது. சிவம் முதலாளியின் மருமகன். தொழில் பழகிவிட்டு, நிற்க ஒரு கதிரை இல்லாமல் இருந்தவன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "தீவாளி வரைக்கும் பாப்பன் தம்பி. அதுக்குள்ள உன்ர கை சவரக்கத்தி பிடிக்காட்டி, கதிரை சிவத்துக்குத்தான்."

காற்றுக்கு முடிவெட்டு

கையை முறித்துக்கொண்ட எல்லோருக்கும் தெரியும், பிளாஸ்ரருக்குள் கை ஓய்வெடுப்பதில்லை, கரைகிறது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் மிஸ் அதை ஒளிக்காமல் சொன்னார். விரல்களை மடக்கி விரிக்க வேண்டும். முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும். நல்ல கையால் பாரம் தூக்க வேண்டும். ஒரு கை உழைத்தால் மற்றக் கையின் பலமும் முழுதாகப் போய்விடாதாம். "எலும்பு படுக்கட்டும். சதையைப் படுக்க விட்டிடாதேங்கோ" என்றார்.

விடிய எழும்பிக் கிணற்றடியில் இடது கையால் வாளி தூக்கினேன். மிஸ் சம்மதித்த பிறகு, பகலில் கடை மூலையில் இருந்து, பிளாஸ்ரருக்கு வெளியே நீட்டிய விரல்களில் கத்தரியை மாட்டிக் காற்றை வெட்டினேன். தலை இல்லாத இடத்தில் கத்தரிச் சத்தம் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கதிரையடியில் நின்ற சிவம் மட்டும் திரும்பாமலே கேட்டான்: "என்னண்ணை, காத்துக்குத் தலைமயிர் நல்லா வளந்திட்டுதோ?"

கிணற்றுச் சாட்சி

எங்கள் ஊர் சல்லியிலிருந்து நான் வரும் பஸ், கடைக்கு எதிரே ஆமி காவல் நிற்கும் சென்றியில் நிற்கும். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி நடக்க வேண்டும். அன்று புதிதாக ஓர் ஆமிக்காரன் நின்றான். பிளாஸ்ரரைத் தட்டிப் பார்த்தான். பிறகு என் இடது கையைப் பிடித்து அமுக்கினான். அந்த நாட்களில் பெடியன்களின் முழங்கையையும் தோளையும் பார்த்தே, இயக்கத்தில் ஆயுதம் பழகியவர்களா என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். என் கை கல்லாக இருந்தது. ஒரு கை முறிந்திருக்கிறது, மறு கை முறுக்கேறியிருக்கிறது. அவனுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

ஓரமாக நிற்கச் சொன்னான். ஓரமாக நின்றவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் முதலாளி கடை வாசலில் நின்றார். அவரால் வந்திருக்க ஏலாது. அவன் கடைசியில் என்னை விட்டது, அதே பஸ்ஸில் வந்த, எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளும் பூமணி அக்காவால்தான். தலையில் இருந்த மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சிங்களத்திலும் தமிழிலுமாக அவர் போட்ட சத்தம் இது: "மாத்தையா, அது வாளி தூக்கிற கை! விடியமுன்னம் இவன் அள்ளி முடிச்சால் எங்களுக்குச் சேறுதான் மிச்சம். நம்பாட்டி எங்கட கிணத்தைக் கேளுங்கோ!"

பலூன்

பிளாஸ்ரர் கழன்றது. கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. ஆனால் பிடி இருந்தது. விரல்கள் கத்தரியை மறக்கவில்லை. சவரக்கத்தி அப்படியல்ல, கழுத்தில் அதை அழுத்தாமல் நிறுத்தி வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு நடுங்கியது.

நுரை பூசிய பலூனை வழிப்பதுதான் எங்கள் தொழிலில் பரீட்சை. வெடிக்காவிட்டால் ஆளைத் தொடலாம். தீபாவளி நெருங்கிவிட்டது, சிவம் பலூனை ஊதிப் பிடித்தான். எதிரே சென்றி இருக்கிறது என்ற நினைவு ஒருவருக்கும் வரவில்லை. பலூன் வெடித்தது. வெளியே விசில், ஓடிவரும் சப்பாத்துச் சத்தம். நாங்கள் நிலத்தில் கிடந்தோம். வாசலில் அதே ஆமிக்காரன், துவக்கை நீட்டியபடி. என் கையில் சவரக்கத்தி, அதில் ஒட்டிய ரப்பர் துண்டு, எல்லோர் முகத்திலும் சோப்பு நுரை. அவன் நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனான். முதலாளி எழும்பாமலே சொன்னார்: "இனி இந்தக் கடைக்குள்ள பலூன் இல்லை. ஆளில பழகு."

ஆள்

மறுநாள் வந்த முதல் ஆள் அந்த ஆமிக்காரன்தான். லீவில் ஊருக்குப் போகிறானாம். என் கதிரையில் இருந்து, துவக்கை மடியில் வைத்து, அதன் மேலேயே துணியைப் போர்த்தச் சொன்னான். கைகளும் துணிக்குள்ளே. சிவம் கத்தியோடு முன்னே வந்தான். ஆமிக்காரன் தலையை ஆட்டி மறுத்து, நாடியால் என்னைக் காட்டினான்.

கன்னம் முடிந்தது. தொண்டைக்கு வந்தபோது மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது. துணிக்குக் கீழே ஏதோ அசைந்தது. இடது கையைக் கொண்டுவந்து வலது மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்தேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் அவன் தொண்டையை மட்டும் பார்த்தேன். கடையில் ஒரு கத்தரியும் அசையவில்லை. வழித்து முடித்துத் துடைத்தேன். துவாயில் இரத்தம் இல்லை. அவன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "கை நல்லம். கிணறு பாவம்."

கையை முறிக்க ஒரு சீனவெடி போதுமாக இருந்தது. அது குணமாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் ஒரு துவக்கு தேவைப்பட்டது. ஆமிக்காரன் வீதியைக் கடந்ததும், முதலாளி என் கதிரையின் முதுகில் கிடந்த சிவத்தின் சிவப்புத் துவாயை எடுத்து உதறி, மூலையில் இருந்த ஆணியில் மாட்டினார்.